மாம்பழத் தோல்ல காசு இருக்கு, ஆனா முதல்ல தண்ணி இருக்கு

பழத்தோல்ல இருந்து பிளாஸ்டிக், காய்கறிக் குப்பையில இருந்து கரண்ட், ஆரஞ்சுத் தோல்ல இருந்து பெட்ரோல்னு ஏதாவது ஒரு வீடியோ அடிக்கடி ஃபேமிலி குரூப்ல வந்து விழுந்துட்டே இருக்கு. பார்த்தவங்க சொல்றதும் ஒரே மாதிரி தான், "வெளிநாட்டுக்காரன் குப்பையக் காசாக்குறான், நம்ம ஆளுங்க ஏரிக்கரையில கொட்டுறாங்க". கொட்டுறது உண்மை தான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஏன் கொட்டுறாங்கன்னு கேட்டா சோம்பேறித்தனம், விழிப்புணர்வு இல்லன்னு சொல்லிட்டு முடிச்சுடுறாங்க பாருங்க, அங்க தான் விஷயமே தப்பிப் போகுது. ஒரு மாங்கூழ் ஆலை முதலாளிக்கு தோல்ல என்ன இருக்குன்னு தெரியாம இல்ல, அதை வெளிய எடுக்க ஆகுற செலவு தெரிஞ்சு தான் கொட்டுறார். அந்தச் செலவு எங்க இருந்து வருதுன்னு புரிஞ்சுட்டா இந்த வீடியோ எல்லாத்தையும் நீங்களே சலிச்சுப் பார்த்துக்கலாம்.

சிரட்டைய யாரும் குப்பையில போடல, ஏன்?

ஒரு தேங்காய எடுத்துக்கோங்க. மட்டைய உரிச்சா நார், அது கயிறு, மெத்தைன்னு போகுது. நார் எடுத்தப்புறம் உதிருற பித், அதாவது நார்த்தூள், ஒரு காலத்துல பொள்ளாச்சிப் பக்கம் ரோட்டோரமா மலை மாதிரி கிடந்தது, இப்ப அதையே கழுவி, காய வெச்சு, அமுக்கி, கட்டியாக்கி கப்பல்ல ஏத்துறாங்க, வெளிநாட்டுல மண்ணுக்குப் பதிலா அதுல செடி வளர்க்குறாங்க. சிரட்டையக் கரியாக்கி, அந்தக் கரிய நீராவியில பதப்படுத்துனா ஆக்டிவேட்டட் கார்பன். தண்ணி ஃபில்டர்ல இருந்து தங்கச் சுரங்கம் வரைக்கும் அதுக்கு வேலை இருக்கு. இதுக்கெல்லாம் யாரும் விழிப்புணர்வு முகாம் நடத்தல, வியாபாரிங்களே வீடு தேடி வந்து வாங்கிட்டுப் போறாங்க.

இப்ப மாம்பழத் தோலைப் பாருங்க. அதுக்குள்ள இருக்குற சரக்கு சிரட்டைய விட விலை கூடினது. ஆனா சிரட்டை உலர்ந்த பொருள், ஆறு மாசம் மூலையில கிடந்தாலும் சிரட்டையாவே இருக்கும், லாரியில ஏத்துனா நீங்க வாடகை குடுக்குறது சிரட்டைக்கு மட்டும் தான். மாம்பழத் தோல்ல பத்துல ஏழெட்டு பங்கு தண்ணி, மீதியில சர்க்கரை வேற, அதனால காலையில கொட்டுனா சாயந்தரம் புளிக்கும், மறுநாள் ஈ, அதுக்கு மறுநாள் ஊரே மூக்கைப் பொத்தும். லாரியில ஏத்துனா பெரும்பாலும் தண்ணிக்குத் தான் வாடகை.

எந்தப் பழக் கழிவு தொழிலாகும், எது ஆகாதுங்குறதுல பாதிக்கு மேல இந்த ஒரு வித்தியாசத்துலயே அடங்கிடுது.

எந்தக் கழிவைப் பத்திப் பேசுறோம்

வீட்டுக் குப்பை வேற, மார்க்கெட் குப்பை வேற, ஆலைக் கழிவு வேற. இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறது தான் முதல் தப்பு. வீட்டுக் குப்பையில வெங்காயச் சருகு, முட்டை ஓடு, பால் பாக்கெட் எல்லாம் கலந்து கிடக்கும், அதைப் பிரிக்கவே ஆள் பத்தாது. ஆலைக் கழிவு அப்படி இல்ல, ஒரே வகை, ஒரே இடத்துல, டன் கணக்குல வருது. தொழிலுக்குத் தோதானது இது தான்.

கிருஷ்ணகிரிய எடுத்துக்கலாம். சீசன்ல அந்த மாவட்டத்து மாங்கூழ் ஆலைங்க வாசல்ல மாங்காய் லோடு வரிசை கட்டி நிக்கும், பக்கத்துல ஆந்திராவோட சித்தூர்லயும் இதே கதை தான். பெரும்பாலும் பெங்களூரா, கிளிமூக்குன்னும் சொல்லுவோம், கொஞ்சம் அல்போன்சாவும் உண்டு. பழத்தைப் பழுக்க வெச்சு, கழுவி, கொட்டைய நீக்கி, பல்பர்னு ஒரு மெஷின்ல விட்டு சல்லடை வழியா கூழைப் பிழிஞ்சு, சூடாக்கி, கிருமி இல்லாத பைகள்ல அடைச்சு, பீப்பாயில போட்டு அனுப்புறாங்க. உள்ள போன பழத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேல, சில சமயம் கிட்டத்தட்ட பாதி, தோலும் கொட்டையும் நாரும் சக்கையுமா வெளிய வந்துடும். இதெல்லாம் வருஷம் முழுக்க சீரா வர்றது இல்ல, கோடையில ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசத்துல மொத்தமா வந்து குமியும்.

தண்ணிக் கணக்கு

பயப்படாதீங்க, நாலாங்கிளாஸ் கணக்கு தான். 1,000 கிலோ ஈரத் தோல் இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதுல 80 சதவீதம் தண்ணி. அப்ப தண்ணி 800 கிலோ, உண்மையான சரக்கு 200 கிலோ. இது கெடாம இருக்கணும்னா ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கணும். 200 கிலோ சரக்கோட 22 கிலோ தண்ணி மட்டும் இருந்தா அந்த அளவு வரும். மீதி 778 கிலோ தண்ணிய விரட்டணும்.

விறகு எரிக்கிற சாதாரண டிரையர்ல ஒரு கிலோ காஞ்ச விறகுக்கு நாலு கிலோ தண்ணி போனாலே நல்ல டிரையர்னு சொல்லலாம், அந்தக் கணக்குப்படி பார்த்தா 778 கிலோ தண்ணிக்கு கிட்டத்தட்ட 200 கிலோ விறகு. கையில மிஞ்சுறது 222 கிலோ காஞ்ச தோல். அதாவது ஒரு கிலோ காஞ்ச தோல் வேணும்னா ஏறக்குறைய ஒரு கிலோ விறகு எரிக்கணும்! அந்தக் காஞ்ச தோல் மாட்டுத்தீவனமா மட்டும் போகும்னா விறகுக் காசே கூட வராது போல இருக்கும். களத்துல வெயில்ல காய வைக்கலாமேன்னு கேப்பீங்க, வைக்கலாம், ஆனா சீசன் உச்சத்துல தென்மேற்குப் பருவ மேகம் வந்துடும், ஒரு நாள் மழையில மொத்தமும் பூஞ்சை.

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது தான். காய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிரஸ்ல போட்டு அமுக்கி, ஈரப்பதத்தை 80ல இருந்து 70க்கு இறக்குறீங்கன்னு வைங்க. வெறும் பத்து சதவீதம் தானேன்னு தோணும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, 200 கிலோ சரக்கு மொத்தத்துல 30 சதவீதமா இருக்கணும்னா மொத்த எடை 667 கிலோ, அப்ப 333 கிலோ தண்ணி நெருப்பே இல்லாமப் போயிடுச்சு, விறகுச் செலவு 200 கிலோவுல இருந்து சுமார் 110 கிலோவுக்கு விழுந்துடுச்சு. காய வைக்கிற தொழில்ல லாப நஷ்டம் பெரும்பாலும் பிரஸ்ல தான் முடிவாகுதுன்னு சொல்றது இதனால தான்.

ஆனா பழத்தோல் சும்மா அமுக்குனா தண்ணிய விடாது. தோலுக்குள்ள பெக்டின்னு ஒண்ணு இருக்கு, செல்லோட செல்லை ஒட்டி வைக்கிற பசை, அது தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல ஆரஞ்சு ஜூஸ் ஆலைக்காரங்க ரொம்ப காலமா செய்யுற வேலை என்னன்னா, அரைச்ச தோல்ல கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்து விடுறது. சுண்ணாம்புல இருக்குற கால்சியம் பெக்டினைக் கட்டிப் போட்டுடும், பிடிச்சு வெச்சிருந்த தண்ணி கழண்டு வரும், அப்புறம் பிரஸ்ல அமுக்குனா சரசரன்னு வடியும். வடிஞ்ச தண்ணியில சர்க்கரை இருக்கும், அதைக் காய்ச்சிப் பாகாக்கி திரும்பச் சக்கையிலயே கலந்து மாட்டுத்தீவன உருண்டையாக்கிடுவாங்க. ஒரு கைப்பிடி சுண்ணாம்பு செய்யுற வேலை எவ்வளவுன்னு பாருங்க.

இதுவரைக்கும் பார்த்தது: ஆலைக் கழிவு ஒரே வகையா டன் கணக்குல வர்றது சாதகம், ஈரமா, சர்க்கரையோட, ஒரே சீசன்ல வர்றது பாதகம். தண்ணிய மலிவா எப்படி வெளிய எடுக்குறதுங்குறது தான் முதல் கேள்வி, உள்ள என்ன சத்து இருக்குங்குறது ரெண்டாவது கேள்வி.

பெக்டின்: ஆரஞ்சே விளையாத நாட்டுல ஆரஞ்சுத் தோல் ஆலை

ஜாம் ஏன் கெட்டியா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? மேல சொன்ன அதே பெக்டின் தான் காரணம். ஜாம், ஜெல்லி, பழத் தயிர், சில மருந்துன்னு பல இடத்துல சேர்க்குறாங்க, பாக்கெட் பின்னாடி 440னு நம்பர் இருந்தா அது தான். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்ல காஞ்ச எடைக்கு 20 முதல் 30 சதவீதம் வரைக்கும் கிடைக்கும், ஆப்பிள் சக்கையில அதுல பாதி அளவு. மாம்பழத் தோல்லயும் நல்லாவே இருக்கு.

எடுக்குற முறை கேட்க சுலபம். தோலை லேசான அமிலம் கலந்த சூடான தண்ணியில சில மணி நேரம் ஊற விட்டா பெக்டின் கரைஞ்சு வரும், வடிகட்டி அந்தத் தண்ணியில ஆல்கஹாலை ஊத்துனா பெக்டின் நூல் நூலாத் திரிஞ்சு வெளிய வந்துடும், அதைப் பிழிஞ்சு காய வெச்சுப் பொடிச்சா சரக்கு ரெடி. செலவு எங்கன்னா அந்த ஆல்கஹால்ல. ஊத்துனதைத் திரும்பக் காய்ச்சி வடிச்சு மறுபடி மறுபடி பயன்படுத்தணும், அந்த வடிப்பு ஏற்பாடு இல்லாம பெக்டின் ஆலை போட்டா பெக்டின் விக்கிற காசு ஆல்கஹால் வாங்கவே போயிடும்.

இன்னொரு சிக்கல் நேரம். பழம் அரைபட்ட நிமிஷத்துல இருந்து தோலுக்குள்ள இருக்குற என்சைம், அதாவது ஒரு வேதிவினைய வேகப்படுத்துற புரதம், பெக்டினை அரிக்க ஆரம்பிச்சுடும். அதனால உடனே சர்க்கரை போகக் கழுவி, காய வெச்சுடணும். அப்படிக் காய வெச்சுட்டா கப்பல்ல எங்க வேணா அனுப்பலாம். உலகத்துப் பெரிய பெக்டின் ஆலைகள்ல ஒண்ணு டென்மார்க்ல லில்லே ஸ்கென்ஸ்வெத்ங்குற ஊர்ல இருக்கு, அந்தக் குளிர்ல ஆரஞ்சாவது எலுமிச்சையாவது! தென் அமெரிக்கா மாதிரி இடத்துல காய வெச்ச தோல் தான் அங்க போய் இறங்குது. இதுல இருந்து என்ன தெரியுதுன்னா தோல் இருக்குற ஊர்ல தான் ஆலை இருக்கணும்னு இல்ல, காய வைக்கிற ஏற்பாடு மட்டும் தோல் இருக்குற ஊர்லயே இருந்தாகணும். கிருஷ்ணகிரி மாதிரி ஊருக்கு பெக்டின் ஆலை வேணும்னு பேசுறோம், அதுக்கு முன்னாடி நல்ல பிரஸ்ஸும் டிரையரும் வேணும்.

ஒண்ணு கவனிங்க, சுண்ணாம்பு போட்டு அமுக்குன தோல் பெக்டின் எடுக்க ஆகாது, கால்சியம் அதைக் கட்டிப் போட்டுடுச்சே. தீவனமா பெக்டினான்னு முதல் நாளே முடிவு பண்ணிடணும். "ஒரே தோல்ல பத்துப் பொருள் எடுக்கலாம்"னு சொல்ற வீடியோக்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சுப் போயிடும், ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு போயிடும்ங்குறதைச் சொல்லவே சொல்லாது.

மாங்கொட்டைக்குள்ள சாக்லேட்

கொட்டைய உடைச்சா உள்ள பருப்பு இருக்கும். அந்தப் பருப்பைக் காய வெச்சா அதுல சுமார் பத்து சதவீதம் கொழுப்பு. வேர்க்கடலையில நாப்பத்தஞ்சு சதவீதம் வரைக்கும் எண்ணெய் இருக்குறப்ப இது எதுக்குன்னு கேக்கலாம், ஆனா இந்தக் கொழுப்போட குணம் வேற. அறை வெப்பத்துல கெட்டியா இருந்து உடம்புச் சூட்டுல உருகும், கிட்டத்தட்ட சாக்லேட்டுக்குப் போடுற கோக்கோ வெண்ணெய் மாதிரியே. ஐரோப்பிய யூனியன் 2000ல போட்ட சாக்லேட் விதியில கோக்கோ வெண்ணெய் போக 5 சதவீதம் வரைக்கும் சேர்க்கலாம்னு ஆறே ஆறு தாவரக் கொழுப்பை மட்டும் அனுமதிச்சாங்க, அதுல மாங்கொட்டைக் கொழுப்பும் ஒண்ணு. கிரீம், சோப்புக்காரங்களும் வாங்குறாங்க.

கொழுப்பு கொஞ்சமா இருக்குறதால செக்குல ஆட்டி எடுக்க முடியாது, ஹெக்சேன்னு ஒரு கரைப்பானை ஊத்திக் கரைச்சுத் தான் எடுக்கணும், அதுக்குப் பெரிய ஆலை வேணும். ஆலைக்கு முன்னாடி கொட்டைய உடைக்கணும், ஓட்டையும் பருப்பையும் பிரிக்கணும், ஈரத்தோட குமிச்சு வெச்சா கொழுப்பு உடைஞ்சு காறிப் போயிடும், அப்புறம் எந்த சாக்லேட் கம்பெனியும் தொடாது. பார்த்தீங்களா, இங்கயும் ஈரம் தான் வில்லன்.

திப்பி: நம்மாளுங்க ரொம்ப காலமா செய்யுறது

சேலத்துக்காரங்களுக்கு இந்தப் பாடமே தேவையில்ல. மரவள்ளிக் கிழங்கை அரைச்சு மாவுப்பாலை வடிச்சு ஜவ்வரிசி ஆக்குறாங்க இல்லயா, பால் போக மிஞ்சுற சக்கைக்குப் பேர் திப்பி. எவ்வளவு கழுவுனாலும் எல்லா மாவும் வெளிய வராது, காஞ்ச திப்பியில பாதிக்கு மேல ஸ்டார்ச்சே தான். அதை சிமெண்ட் களத்துல வெயில்ல பரப்பிக் காய வெச்சு மாட்டுத்தீவனத்துக்கு விக்கிறாங்க. வெயில் இலவசம், தீவனம் வாங்குற ஆள் பக்கத்துலயே இருக்கான், லாரி தூரம் கம்மி, அதனால கணக்கு நிக்குது. ஆலையில இருந்து வர்ற புளிச்ச தண்ணி தான் நாத்தம் பிடிச்ச தலைவலியா இருந்துச்சு, இப்ப பல சேகோ ஆலைங்க, அதாவது ஜவ்வரிசி ஆலைங்க, அதைப் பெரிய மூடின தொட்டியில விட்டு கேஸ் எடுத்து ஆலை ஓட்டவே பயன்படுத்துறாங்க.

பயோகேஸ்: கடைசிப் படி, ஆனா தேவையான படி

காத்தே படாத தொட்டியில ஈரக் குப்பைய விட்டா கிருமிங்க அதைத் தின்னு மீத்தேன்ங்குற எரியுற வாயுவா மாத்தும், இது தான் பயோகேஸ். இதோட பெரிய வசதி என்னன்னா காய வைக்கவே வேணாம், ஈரம் இருந்தா தான் வேலையே நடக்கும்.

அப்ப எல்லாத்தையும் பயோகேஸ்ல விட்டுடலாமேன்னா, எவ்வளவு கரண்ட் வரும்னு பாருங்க. ஹைதராபாத் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டைப் பத்தி 2021 ஜனவரி மன் கி பாத்ல பிரதமர் பேசினது ஞாபகம் இருக்கலாம். அங்க ஒரு நாளைக்கு சுமார் 10 டன் குப்பையில 500 யூனிட் கரண்டும், சமையலுக்குக் கொஞ்சம் எரிபொருளும் கிடைக்குதுன்னு சொன்னாங்க. 500 யூனிட்ங்குறது நம்ம ஊர்ல ஏசி ஓடுற ஒரு வீட்டோட ரெண்டு மாச பில்லுல சாதாரணமா வர்ற அளவு, அதுக்கு பத்து டன்! காரணம் மறுபடியும் அதே தண்ணி, காய்கறியில சரக்கு கம்மி. ஆனா அதை வெச்சு இது வேஸ்ட்னு சொல்லிடக் கூடாது, பத்து டன்னை ஊருக்கு வெளிய கொண்டு போய்க் கொட்டுற செலவும் நாத்தமும் மிச்சம் இல்லயா, லாபம் அங்க இருக்கு. கரண்ட் வித்து பணக்காரன் ஆகலாம்னு நினைச்சு இறங்குறவங்க தான் கைய சுட்டுக்கிறாங்க.

பழக் கழிவுக்குன்னு ஒரு தனிப் பிரச்னையும் உண்டு. தொட்டிக்குள்ள ரெண்டு கூட்டம் கிருமி வேலை செய்யுது, ஒண்ணு குப்பைய அமிலமாக்கும், இன்னொண்ணு அந்த அமிலத்தை மீத்தேனாக்கும். முதல் கூட்டம் வேகம், ரெண்டாவது மந்தம். பழத்துல சர்க்கரை அதிகம், அதனால அமிலம் மளமளன்னு சேர்ந்து ரெண்டாவது கூட்டத்தையே முடக்கிடும், கேஸ் நின்னுடும். சாணி கலந்து அளவா ஊட்டுறது இதுக்குத் தான். ஆரஞ்சுத் தோல்னா இன்னும் மோசம், தோல்ல இருக்குற லிமோனீன்ங்குற வாசனை எண்ணெய் கிருமிக்கு ஆகாது.

சரி, தொட்டியே வேணாம், ஆலையில இருந்து வர்ற கழிவுத் தண்ணிய ஏரியில விட்டா என்ன, பழத் தண்ணி தானே, கெமிக்கலா என்ன? இந்தக் கேள்விய நிறைய பேர் நல்ல மனசோட கேக்குறாங்க. தண்ணிக்குள்ள போன சர்க்கரைய கிருமிங்க தின்னும், தின்னுறப்ப தண்ணியில கரைஞ்சிருக்குற ஆக்சிஜனை இழுத்துக்கும், மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். இப்படி ஆக்சிஜனை எவ்வளவு இழுக்கும்ங்குற அளவு தான் பிஓடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைத் தண்ணியில முக்கியமாப் பார்க்குறதுல இது ஒண்ணு.

இந்தப் பகுதிய சுருக்கிச் சொன்னா: விலை கூடின சரக்கை (பெக்டின், கொழுப்பு) முதல்ல எடு, மிஞ்சுனதைத் தீவனமாக்கப் பாரு, அதுக்கும் ஆகாததை கேஸ் தொட்டியில விடு. வரிசைய மாத்துனா நஷ்டம்.

அந்த வீடியோக்கள்

ஆரஞ்சுத் தோல் பெட்ரோல்: லிமோனீன் எரியும், உண்மை தான், தோலை பலூன் மேல பிழிஞ்சா பலூன் வெடிக்கும், தெர்மாகோலைக் கூட கரைக்கும், அதனால கிரீஸ் நீக்கவும் வாசனைக்கும் நல்ல கிராக்கி. ஆனா ஒரு டன் ஆரஞ்சுக்கு சில கிலோ தான் கிடைக்கும், அதை யாராவது டேங்க்ல ஊத்துவாங்களா?

வாழைப்பழத் தோல் பிளாஸ்டிக்: ஸ்கூல் எக்ஸிபிஷன்ல செய்யுறது ஸ்டார்ச்சும் கிளிசரினும் சேர்ந்த ஒரு ஏடு. தண்ணி பட்டா ஊறும், நாலு நாள்ல பூஞ்சை பிடிக்கும். கடையில மக்குற பிளாஸ்டிக்னு விக்கிறதுல பல சர்க்கரையப் புளிக்க வெச்சு லாக்டிக் அமிலமாக்கி அதைக் கோத்துச் செய்யுறது, அதுக்கு சோளமும் கரும்பும் தான் பெரும்பாலும் போகுது, ஏன்னா அது வருஷம் முழுக்க ஒரே தரத்துல கிடைக்குது.

தோலைக் கொட்டுனா காடாச்சு: இது கோஸ்டா ரிகாவுல நிஜமாவே நடந்தது. 1990கள்ல டெல் ஓரோன்னு ஒரு ஜூஸ் கம்பெனியோட ஆரஞ்சுச் சக்கை சுமார் 12,000 டன்னை, டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ்ங்குற சூழலியல் தம்பதியோட யோசனையில, மண் செத்துப் போன மூணு ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்துல கொட்டுனாங்க. போட்டிக் கம்பெனி கோர்ட்டுல வழக்கு போட்டு நிறுத்திடுச்சு, பல வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா அங்க அடர்த்தியா காடு. அருமையான கதை, ஆனா அது ஆள் இல்லாத நிலம், அங்க இருந்த முரட்டுப் புல்லை அழுக விட்டுக் கொல்லவும் மண்ணுக்கு சத்து குடுக்கவும் விஞ்ஞானிங்க பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். கிணத்துக்குப் பக்கத்துல கொட்டுறதுக்கு இதை சாட்சியா காட்டாதீங்க.

இதுல தொழில் பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கு

மெஷின் விக்கிறவர் உள்ள என்ன சத்து இருக்குன்னு தான் ஆரம்பிப்பார். நீங்க வேற இடத்துல இருந்து ஆரம்பிங்க: கழிவு எவ்வளவு ஈரமா வருது, எத்தனை கிலோமீட்டர் தூரம், எத்தனை மணி நேரத்துல கைக்கு வரும், வாங்குறவன் யாரு. தோல்ல மருந்து அடிச்ச மிச்சம் இருக்கும், சாப்பாட்டுக்குப் போற சரக்குன்னா அந்த டெஸ்ட்டுக்கும் காசு ஒதுக்கணும். மைசூரு சிஎஃப்டிஆர்ஐ, தஞ்சாவூர் நிஃப்டெம்ங்குற ரெண்டு மத்திய அரசு நிறுவனத்துலயும் உணவு பதப்படுத்துறதுல ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க, மெஷின் கம்பெனி புரோஷரை நம்புறதுக்கு முன்னாடி அங்க ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வரலாம்.

அப்புறம் சீசன். மாங்காய் ரெண்டு மூணு மாசம், வாங்குன கடனுக்கு வட்டி பன்னிரண்டு மாசம். தோலை மட்டும் நம்பி டிரையர் போட்டா ஒன்பது மாசம் அது துணி போர்த்திக் கிடக்கும். கூழ் ஆலைங்களே இதுக்குத் தான் சீசன் முடிஞ்சதும் கொய்யா, பப்பாளி, தக்காளின்னு மாத்தி ஓட்டப் பார்க்குறாங்க, கழிவு வாங்குறவங்களும் அவங்க காலண்டரைக் கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டு தான் மெஷின் சைஸையே முடிவு பண்ணணும்.